தூண்டலும் அடக்கலும்: ஓட்டிச ஆராய்ச்சியில் ஒரு கருத்தின் வரலாறு

தேர்த் திருவிழாவிலே வடம் பிடிப்போர் பல்லாயிரவர். முட்டுக்கட்டை இடுவோர் ஒரு சிலர். வடம் பிடிப்போரையே ஊரார் கண்கள் நோக்குகின்றன. எனினும், தேர் வீதியின் மூலையிலே திரும்புவதும், சரிவிலே கட்டுமீறி ஓடாது நிற்பதும், ஈற்றில் தேர்முட்டியை வந்தடைவதும் சில்லின் கீழே கட்டையிடும் அந்தச் சிலரின் கைத்திறத்தாலேயே ஆகும். இழுக்கும் விசை மாத்திரம் இருப்பின் தேர் ஓடுமேயன்றி வலம் வாராது. நரம்பு மண்டலத்தின் தொழிலும் இத்தகையதே என்பதை மனிதர் அறிந்துகொள்ள நெடுங்காலம் சென்றது. அறிந்த பின்னரும், அவ்வறிவைக் குழந்தைகளின் உளநிலைக்குப் பொருத்திக் காண மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

மனித மூளையிலே ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள என்பர். ஒரு கலம் மற்றொன்றுக்குச் செய்தி விடுக்கும்பொழுது, பெரும்பாலும் இரண்டிலொன்றைச் செய்கின்றது: பெறுகின்ற கலத்தைக் கிளர்ந்தெழச் செய்யும், அல்லது கிளர்ந்தெழாது தடுக்கும். முன்னையது தூண்டல், பின்னையது அடக்கல். விஞ்ஞான நூலார் நிரோதம் என்பதும் இவ்வடக்கலையே. மூளையின் மேற்பட்டையிலே அடக்கும் கலங்கள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினவே. இச்சிறு பங்கு தன் தொழிலிலே தவறுமாயின் மூளை வலிப்பினால் துடிக்கும். இவ்விரு விசைகளின் ஒப்புரவு குழந்தையின் வளர்ச்சிக் காலத்திலே பிறழ்வதே ஓட்டிசம் எனப்படும் நிலைக்கு ஒரு பொது அடிப்படையாகலாம் என்னும் கருத்து 2003 ஆம் ஆண்டிலே தெளிவான உருப்பெற்றது. அக்கருத்து எங்கிருந்து வந்தது, எத்தகைய பழியொன்று நீங்கிய வழியிலே அது தோன்றியது, எவ்விடத்தில் இடறியது என்பன ஆராயத்தக்கன.

அடக்கலைக் கண்டறிந்த வரலாறு

நரம்பு என்றால் தூண்டுவது என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை அறிஞர் கொண்டிருந்த எண்ணமாகும். நரம்பைத் தீண்டினால் தசை சுருங்கும். ஆகவே, நரம்பின் தொழில் செயலை எழுப்புதலே என்று அவர்கள் கருதினர். 1845 ஆம் ஆண்டிலே ஜேர்மன் நாட்டுச் சகோதரராகிய ஏர்ணஸ்ட் வெபர், எட்வேட் வெபர் என்போர் இதற்கு மாறான ஒன்றை அறிவித்தனர். இதயத்தை நோக்கிச் செல்லும் அலைநரம்பை மின்னாற் கிளறியபொழுது இதயம் விரைந்து துடிக்கவில்லை. துடிப்புத் தளர்ந்து நின்றுவிட்டது. நரம்பின் செயலாலே ஓர் உறுப்பு ஓய்தலும் கூடும் என்பது அன்று பலராலும் நம்புதற்கரிய செய்தியாயிற்று.

மூளையிலும் அத்தகைய ஆற்றல் உண்டோ என்னும் வினாவை எழுப்பியவர் உருசிய நாட்டு உடற்றொழிலியல் அறிஞர் இவான் செச்செனொவ் ஆவார். 1862 ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில், குளோட் பெர்னாட் என்பாரின் ஆய்வுகூடத்திலே, தவளையின் மூளைப் பகுதியொன்றின்மீது அவர் உப்புப் பளிங்கை வைத்தார். அமிலத்திலே தோய்ந்த காலை இழுத்துக்கொள்ளும் தவளையின் இயல்பு அதனாலே தாமதமுற்றது. மூளை ஏவுவது மாத்திரமன்றித் தடுப்பதும் செய்யும் என்று அவர் முடிவு கொண்டார்.

இவ்விரு விசைகளையும் ஒரே தொகுதியின் இரு கைகளாகக் கண்ட பெருமை ஆங்கிலேயராகிய சார்ள்ஸ் ஷெரிங்ரன் அவர்களைச் சாரும். முழங்கையை மடக்கும் தசை சுருங்கும்பொழுது அதனை நீட்டும் தசை தளர்த்தப்படுகின்றது. அவ்வாறு தளர்த்தப்படாவிடில் கை விறைத்து நிற்குமேயன்றி மடங்காது. ஆகவே, அடக்கல் என்பது செயலின்மையன்று. செயலுக்கு வடிவந் தருவது என்று அவர் விளக்கினார். 1906 ஆம் ஆண்டிலே வெளிவந்த அவருடைய பெருநூல் இக்கருத்தை நிலைநாட்டிற்று. 1932 ஆம் ஆண்டு நோபெல் பரிசு அவருக்கும் ஏட்ரியன் என்பாருக்கும் வழங்கப்பட்டது.

ஷெரிங்ரனிடம் ஒக்ஸ்போட்டிலே பயின்ற ஜோன் எக்கிள்ஸ், நரம்பிணைப்பிலே செய்தி கடப்பது மின்னாலேயே என்று பல்லாண்டு வாதாடியவர். 1951 ஆம் ஆண்டிலே நியூசிலாந்தின் டனீடின் நகரிலே, அவரும் உடனாளர் இருவரும் நுண்ணிய கண்ணாடிக் குழாய் முனையை முள்ளந்தண்டுக் கலமொன்றினுள்ளே செலுத்தி, அடக்கும் செய்தி வரும்பொழுது அக்கலத்தின் மின்னழுத்தம் எவ்வாறு மாறுகின்றது என்று அளந்தனர். கிடைத்த முடிவு எக்கிள்ஸ் கொண்ட கொள்கைக்கு நேர்மாறாக இருந்தது. தம் கொள்கை பிழையென்று அவர் தயங்காது ஒப்புக்கொண்டு, இரசாயனப் பொருளாலேயே செய்தி கடக்கின்றது என்ற எதிர்க்கட்சியினரின் கொள்கையை ஏற்றார். 1963 ஆம் ஆண்டின் நோபெல் பரிசில் அவர் பங்குற்றார். தம் கைச்சோதனையே தம் கொள்கையை மறுத்தபொழுது அதனைக் கைவிட்ட இந்நேர்மை, பின்னர் கூறப்படும் செய்திகளுக்கும் ஓர் அளவுகோலாக நிற்கத்தக்கது.

அவ்விரசாயனப் பொருள்களும் அடுத்தடுத்து வெளிப்பட்டன. 1950 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் யூஜின் றொபேட்ஸ் முதலியோர் காபா எனப்படும் அமினோ அமிலம் மூளையிலே மிகுந்திருத்தலைக் கண்டனர். அது யாது செய்கின்றது என்பது அப்பொழுது தெளிவாகவில்லை. 1957 ஆம் ஆண்டிலே மொன்றியால் ஆராய்ச்சியாளர், மாட்டு மூளையிலிருந்து பிரித்தெடுத்த அடக்கும் பொருள் காபாவே என்று காட்டினர். தூண்டும் பொருளாகக் குளூற்றமேற்று அடையாளங் காணப்பட்டது. 1954 ஆம் ஆண்டிலே ஜப்பானிய அறிஞர் ஹயாஷி அதனை நாயின் மூளை மேற்பட்டையிலே இட்டு வலிப்பு உண்டாதலை அறிவித்திருந்தார். இவ்வாறு வடமும் முட்டுக்கட்டையும் ஆகிய இரண்டும் பெயர் பெற்றன. ஆயின், இவற்றை ஆராய்ந்தோர் எவரும் ஓட்டிசத்தைப் பற்றி எண்ணினாரல்லர். அவ்வரலாறு வேறொரு திசையிலே நடந்துகொண்டிருந்தது.

குழந்தைகளும் பழியும்

ஓட்டிசம் என்னும் சொல்லை ஆக்கியவர் சுவிற்சலாந்து உளமருத்துவர் ஒயிகன் புளொய்லர் ஆவார். உளப்பிளவு நோயுடையோர் புறவுலகினின்று தம்முள்ளே ஒடுங்குதலைக் குறிக்கவே அவர் 1911 ஆம் ஆண்டு நூலிலே இதனை வழங்கினார். தன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லே இதன் வேராகும். குழந்தைகளிடம் இந்நிலையைக் கூர்ந்து நோக்கி எழுதியோருள் மொஸ்கோ நகரப் பெண் வைத்தியர் குறுன்யா சுகாரேவா முந்தியவர். 1925 ஆம் ஆண்டிலே ஆறு சிறுவரைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை மேலைநாட்டு அறிஞரின் கவனத்தை நீண்டகாலம் பெறவில்லை.

1938 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிற் பணியாற்றிய லியோ கனர் என்பாருக்கு ஒரு தந்தை 33 பக்கங்கொண்ட கடிதம் எழுதினார். தம் மைந்தனின் வளர்ச்சியை ஒவ்வொன்றாக எடுத்துக் கூறிய அக்கடிதமே ஒரு புதிய இயலின் வாயிலாயிற்று. 1943 ஆம் ஆண்டிலே கனர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதினார். அக்குழந்தைகள் மனிதரோடு உறவாடுதலிலும் இடர்ப்பட்டனர். அன்றாட ஒழுங்கு மாறினாற் கலங்கினர். மற்றுமொரு செய்தியையும் கனர் குறித்தார். தூசி உறிஞ்சும் பொறி, மின்தூக்கி, ஓடும் நீர், காற்றின் ஓசை முதலியன சிலருக்குப் பேரச்சம் விளைத்தன. அறுபது ஆண்டுகளின் பின்னர் இக்குறிப்பு புதியதொரு பொருளைப் பெற்றது.

கனரின் கட்டுரையிலே இரு கருத்துக்கள் அருகருகே நின்றன. இக்குறை பிறவியிலேயே அமைந்தது எனக் கொள்ளவேண்டும் என்பது ஒன்று. இக்குழந்தைகளின் பெற்றோருள் அன்பு கனிந்தோர் மிகச் சிலரே என்பது மற்றொன்று. உலகம் பின்னையதையே பற்றிக்கொண்டது. 1949 ஆம் ஆண்டுக் கட்டுரையிலே கனர் தாமும், இக்குழந்தைகள் உருகாத குளிர்ப்பெட்டியிலே வைக்கப்பட்டோர் போன்றவர் என்ற கருத்துப்பட எழுதினார். சிக்காகோவில் சிறுவர் இல்லமொன்றை நடத்திய புறூனோ பெற்றல்ஹைம், 1967 ஆம் ஆண்டு நூலிலே பெற்றோரின் உள்ளத்து வெறுப்பே இதற்குக் காரணம் என்று வாதித்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எண்ணிறந்த தாய்மார், தம் குழந்தையின் நிலைக்குத் தாமே காரணர் என்ற சொல்லைக் கேட்டுத் தலைகுனிந்தனர். ஆதாரமில்லாத ஒரு கருத்து அறிவின் கோலம் பூண்டு வருமாயின் அது விளைக்கும் துயருக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வியன்னாவிலே 1944 ஆம் ஆண்டில் நான்கு சிறுவரைப் பற்றி எழுதிய ஹான்ஸ் அஸ்பேகரின் பெயரும் இங்கே கூறற்பாலது. சொல்வளமும் தனித் திறமையும் உடைய சிறுவரை அவர் எடுத்துக்காட்டினார். 1981 ஆம் ஆண்டிலே லோர்ணா விங் எழுதிய கட்டுரையால் அவர் பெயர் ஆங்கில உலகிற் பரவியது. ஆயின், 2018 ஆம் ஆண்டிலே வரலாற்றாசிரியர் ஹேர்விக் செக் வெளியிட்ட ஆய்வு, நாசி ஆட்சியிலே குறைபாடுடைய குழந்தைகள் கொல்லப்பட்ட நிலையத்துக்கு அஸ்பேகர் சில குழந்தைகளை அனுப்பியமையைப் பத்திரங்களைக்கொண்டு காட்டியது. குழந்தையின் மூளை பற்றிய கொள்கை அரசின் கையிலும் வைத்தியரின் கையிலும் உயிர்ப்பிரச்சினையாக மாறக்கூடும் என்பதை இச்செய்தி உணர்த்துகின்றது.

பழி நீங்கிய வழி

பெற்றோர்மீது சுமத்தப்பட்ட பழியை முதலில் வன்மையாக மறுத்தவர், ஓட்டிசமுடைய மைந்தன் ஒருவனின் தந்தையும் உளவியலறிஞருமாகிய பேணாட் றிம்லண்ட் ஆவார். 1964 ஆம் ஆண்டிலே அவர் எழுதிய நூல், காரணம் மூளையிலே தேடப்படவேண்டும் என வாதித்தது. அந்நூலுக்கு அணிந்துரை அளித்தவர் கனரே ஆவர். 1969 ஆம் ஆண்டிலே பெற்றோர் சங்கத்தின் கூட்டமொன்றிலே கனர் தோன்றி, பெற்றோரைத் தாம் குற்றத்தினின்றும் விடுவிப்பதாக வெளிப்படையாகக் கூறினார்.

இவ்விடத்திலேதான் வலிப்பு என்னும் சான்று வரலாற்றினுட் புகுகின்றது. லண்டனிலே மைக்கல் றற்றரும் உடனாளரும் இத்தகைய குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி, 1967 ஆம் ஆண்டிலே முடிவுகளை வெளியிட்டனர். குழந்தைப் பருவத்திலே வலிப்பேதுமின்றி இருந்தோர் சிலருக்கு இளமைப் பருவத்திலே முதன்முறையாக வலிப்புத் தோன்றியது. தாயின் அன்புக் குறையினாலே வலிப்பு வருதல் இயலாது. மூளையின் தூண்டல் கட்டுமீறுவதே வலிப்பு. ஆதலால், இக்குழந்தைகளின் மூளையிலே ஏதோ ஒன்று வேறுபட்டு அமைந்திருத்தல் வேண்டும் என்னும் ஊகம் வலுப்பெற்றது. பொதுமக்களிலும் ஓட்டிசமுடையோரிடையே வலிப்பு நோய் பன்மடங்கு மிகுதி என்பது பின்னர் பல ஆய்வுகளாலும் உறுதிப்பட்டது.

1977 ஆம் ஆண்டிலே சூசன் போல்ஸ்ரைனும் றற்றரும் இரட்டையரை ஆராய்ந்தனர். 21 இரட்டையர் சோடிகள் எடுக்கப்பட்டன. ஒரே கருவினின்று பிரிந்த 11 சோடிகளுள் நான்கிலே இருவருக்கும் ஓட்டிசம் இருந்தது. இருவேறு கருக்களினின்று பிறந்த 10 சோடிகளுள் ஒன்றிலேனும் அவ்வாறில்லை. சோடிகள் சிலவேயாயினும், பரம்பரையின் பங்கு இதனாலே புலனாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலே பரம்பரையலகுகளைத் தனித்தனியே இனங்காணும் முறைகள் வளர்ந்தன. பெண்குழந்தைகளிடம் காணப்படும் றெற் நோய்க்குக் காரணமான பரம்பரையலகை 1999 ஆம் ஆண்டிலே ஹூடா சோக்பியின் ஆய்வுகூடத்தினர் கண்டறிந்தனர்.

இதனாலே தாய்மார் பழியினின்று நீங்கினர். எனினும், வேறொரு சிக்கல் எழுந்தது. சம்பந்தப்பட்ட பரம்பரையலகுகள் ஒன்றிரண்டல்ல. காலஞ் செல்லச் செல்ல அவற்றின் தொகை நூறையுங் கடந்தது. ஒன்றோடொன்று உறவற்றன போலத் தோன்றும் இத்தனை காரணங்கள், ஒரு பெயராலே சுட்டப்படும் ஒரு நிலைக்கு எவ்வாறு இட்டுச் செல்லும்? பல ஆறுகள் வந்து கூடும் ஒரு கழிமுகம் எங்கோ இருத்தல் வேண்டுமன்றோ? ஆராய்ச்சியாளர் தேடியது அதனையே.

இரு வரலாறுகளும் சந்தித்தமை

கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ வளாகத்திலே இருவர் இருவேறு துறைகளிலே பணியாற்றினர். ஜோன் றூபன்ஸ்ரைன் கருவின் மூளை உருவாகும் முறையை ஆராய்ந்தவர். அடக்கும் கலங்களுட் பல மேற்பட்டையிலே பிறப்பனவல்ல. முன்மூளையின் அடிப்பகுதியிலே பிறந்து, நெடுவழி கடந்து மேற்பட்டையை அடைகின்றன என்பதை 1997 ஆம் ஆண்டிலே அவரும் உடனாளரும் எலிகளிற் காட்டினர். அவ்வழிப்பயணத்திலே குறித்த பரம்பரையலகுகள் இல்லாவிடில் கலங்கள் இருப்பிடஞ் சேர்வதில்லை. மைக்கல் மேர்செனிக் என்பார் அனுபவம் மூளையை எவ்வாறு செதுக்குகின்றது என்பதை ஆராய்ந்தவர். இடையறாத இரைச்சலிலே வளர்க்கப்பட்ட எலிக்குஞ்சுகளின் செவிப்புல மேற்பட்டை முதிராது பின்தங்கியமையை 2003 ஆம் ஆண்டிலே அவரும் அவர் மாணவரும் வெளியிட்டனர்.

இவ்விருவரும் அதே ஆண்டிலே கூடி எழுதிய கட்டுரையே இக்கொள்கையின் மூலபத்திரமாகும். காபாவின் அடக்கல் குறைவே பல காரணங்களுக்கும் பொதுவானதாகலாம் என்று 2001 ஆம் ஆண்டிலே ஜோன் ஹஸ்மன் எழுதியிருந்தார். றூபன்ஸ்ரைனும் மேர்செனிக்கும் அதனை விரித்துரைத்தனர். புலன், நினைவு, உறவாடல், உணர்ச்சி என்பவற்றுக்குரிய நரம்புச் சுற்றுக்களிலே தூண்டல் மிகுந்தோ அடக்கல் குறைந்தோ இருப்பின், அச்சுற்றுக்கள் இரைச்சல் மிகுந்தனவாகும். சந்தை இரைச்சலிலே ஒருவன் பேச்சை மற்றொருவன் பிரித்தறிய இயலாதவாறு போல, அம்மூளை பொருளுள்ள செய்தியை வெற்றொலியினின்றும் பிரித்தறிய இடர்ப்படும் என்பது அவர்கள் கூற்று. பரம்பரையும் சூழலும் வேறு வேறு வாயில்களாலே இந்த ஒரே நிலைக்கு இட்டுச் செல்லலாம். வலிப்பு மிகுதியும் இதனாலே விளங்கும்; ஓசைக்கு அஞ்சிய கனரின் குழந்தைகளும் இதனாலே விளங்குவர்.

கொள்கை எழுந்த அதே ஆண்டிலே பாரிஸ் பஸ்தூர் நிலையத்தினர், ஓட்டிசமுடைய சகோதரரைக் கொண்ட சுவீடன் குடும்பங்களிலே நியூரோலிஜின் என்னும் புரதத்துக்குரிய பரம்பரையலகு விகாரமுற்றிருத்தலை அறிவித்தனர். நரம்பிணைப்பின் இரு கரைகளையும் பிணைக்கும் புரதங்களுள் அது ஒன்றாகும். தேடிய கழிமுகம் நரம்பிணைப்பிலே கிடைத்துவிட்டது என்று பலரும் மகிழ்ந்தனர்.

சோதனையும் சிக்கலும்

அடக்கும் கலங்களிலே மாத்திரம் றெற் நோயின் பரம்பரையலகை நீக்கிய எலிகள், அந்நோயின் இயல்புகளுட் பலவற்றையும் காட்டின என்பது 2010 ஆம் ஆண்டின் முடிவு. அடுத்த ஆண்டிலே ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திலே கார்ல் டைசரோத்தின் குழுவினர் நேர்ச்சோதனை ஒன்றை நடத்தினர். ஒளியினாற் கலங்களை இயக்கும் முறையைக் கையாண்டு, எலியின் முன்மூளை மேற்பட்டையிலே தூண்டும் கலங்களின் கிளர்ச்சியை உயர்த்தினர். அவ்வெலி பிற எலிகளை நாடுதல் குறைந்தது. அடக்கும் கலங்களையும் உடன் இயக்கியபொழுது அக்குறை ஓரளவு நீங்கியது. ஒப்புரவு மாறுதலும் உறவாடல் மாறுதலும் காரணகாரியத் தொடர்புடையன என்பதற்கு, எலியளவிலேனும், இது தக்க சான்றாயிற்று.

எனினும், எல்லாச் சான்றுகளும் ஒரே பக்கஞ் சாய்ந்தனவல்ல. சுவீடன் குடும்பங்களிற் கண்ட நியூரோலிஜின் விகாரம் ஒன்றை எலியிலே புகுத்தித் தோமஸ் சூட்ஹொவின் குழுவினர் 2007 ஆம் ஆண்டிலே ஆராய்ந்தனர். அவ்வெலியின் மேற்பட்டையிலே அடக்கல் குறையவில்லை, மாறாக மிகுந்திருந்தது. றெற் நோயுடைய எலிகளிலும் மேற்பட்டையின் சில பகுதிகளிலே தூண்டலே தளர்ந்திருத்தலைக் கண்டோர் உளர். தராசின் ஒரு தட்டு எப்பொழுதும் தாழும் என்ற எளிய சூத்திரம் இதனாலே பழுதுற்றது.

மனிதரை நேரே ஆராய்ந்தபொழுதும் விடை நுணுக்கமாகவே வந்தது. இரு கண்களுக்கும் வெவ்வேறு படங்களைக் காட்டினால் மூளை அவற்றை மாறி மாறியே காணும். ஒரு படத்தை அடக்கி மற்றதை எழவிடும் இச்செயலிலே காபாவுக்குப் பங்குண்டு. 2016 ஆம் ஆண்டிலே கரோலைன் றொபேட்சனும் உடனாளரும் வெளியிட்ட ஆய்விலே, ஓட்டிசமுடையோரிடம் இம்மாற்றம் மெதுவாக நிகழ்ந்தது. அவர்களுடைய பார்வை மேற்பட்டையிலே காபாவின் அளவு குறைந்திருக்கவில்லை. ஆயின், ஏனையோரிடம் காபாவின் அளவுக்கும் இம்மாற்றத்துக்கும் இடையே காணப்பட்ட தொடர்பு இவர்களிடம் காணப்படவில்லை. பொருள் உண்டு; அதன் தொழிலே வேறுபட்டது என்பது இதன் கருத்து.

குளிசைகளின் கதை

ஒப்புரவு குலைந்ததே காரணமாயின், அதனைச் சீர்ப்படுத்தும் மருந்தே பரிகாரமாதல் வேண்டும் என்று எண்ணுதல் இயல்பே. பெற்றோர் பலர் இந்நம்பிக்கையிலே காத்திருந்தனர். அடக்கலை வலுப்படுத்தும் ஆர்பக்லோபென் என்னும் மருந்து ஓட்டிசமுடைய 150 சிறுவரிடமும் இளைஞரிடமும் சோதிக்கப்பட்டது. எதிர்பார்த்த முதன்மைப் பயனை அது காட்டவில்லை. மருந்தை ஆக்கிய கம்பனி 2013 ஆம் ஆண்டிலே முயற்சியை நிறுத்தியது. எலிகளிலே வெற்றி கண்டு, நொய்ந்த எக்ஸ் நிறமூர்த்த நோயுடையோருக்கென ஆக்கப்பட்ட மற்றொரு மருந்தும் 2014 ஆம் ஆண்டிலே கைவிடப்பட்டது.

சிறுநீர் பெருக்கும் மருந்தாகப் பழக்கத்திலிருந்த பியூமெற்றனைட்டின் கதை மேலும் கவனிக்கத்தக்கது. முதிராத மூளையிலே காபா அடக்குவதற்குப் பதிலாகத் தூண்டுகின்றது என்பதைப் பிரான்சு நாட்டு அறிஞர் யெஹெஸ்கல் பென் ஆரி 1989 ஆம் ஆண்டிலே எலிகளிற் காட்டியிருந்தார். கலத்தினுள்ளே குளோரைட்டு மிகுந்திருத்தலே அதற்குக் காரணம். ஓட்டிசத்திலே இம்முதிராத நிலை நீடிக்குமாயின், குளோரைட்டைக் குறைக்கும் இம்மருந்து உதவலாம் என்று அவரும் உடனாளரும் கருதினர். 2012 ஆம் ஆண்டிலே 60 குழந்தைகளிடம் நடத்திய சோதனை நம்பிக்கை தந்தது. ஆயின், பல நாடுகளிலே 400 க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய இரு பெருஞ் சோதனைகளிலே மருந்துக்கும் வெறுங்குளிசைக்கும் பயனிலே வேறுபாடு தோன்றவில்லை. 2021 ஆம் ஆண்டிலே அவை நிறுத்தப்பட்டன.

இத்தோல்விகள் கொள்கை முழுவதும் பொய் என்று காட்டுவனவல்ல. பரம்பரைக் காரணங்கள் பலவாகிய மக்களை ஒரே கூட்டமாக எடுத்து, ஒரே மருந்தைக் கொடுத்து, சில வாரங்களிலோ மாதங்களிலோ நடத்தையிலே மாற்றந் தேடினமை அவற்றின் குறையாகலாம். கருவிலே தொடங்கிய வேறுபாட்டைப் பின்னாளிலே திருத்துதல் எளிதன்று என்பதும் காரணமாகலாம். ஆயினும், எலியினின்று குழந்தைக்கும், சிறு சோதனையினின்று பெருநம்பிக்கைக்கும் தாவுதலின் அபாயத்தை அவை உணர்த்தின.

ஒப்புரவு என்னும் சொல்லின் மறுபொருள்

கொள்கையின் அடிநிலையே இதற்கிடையில் மீளாய்வுக்கு உள்ளாயிற்று. நரம்புக் கலங்கள் தம் கிளர்ச்சியைத் தாமே அளந்து, மிகின் குறைத்தும் குறையின் கூட்டியும் ஒரு நிலையிலே நிற்க முயல்வன என்பதை 1998 ஆம் ஆண்டிலே ஜீனா துரிஜியானோவும் உடனாளரும் காட்டியிருந்தனர். அவ்வாறாயின், ஓட்டிசத்திலே காணப்படும் ஒப்புரவு மாற்றம் நோயின் காரணமா, அன்றி வேறொரு குறையை ஈடுசெய்ய மூளை தானே செய்துகொண்ட ஏற்பாடா?

2019 ஆம் ஆண்டிலே பேர்க்லியிலே டானியேல் பெல்ட்மனின் குழுவினர் நால்வகைப் பரம்பரை மாற்றமுடைய எலிகளை ஆராய்ந்தனர். நான்கிலும் அடக்கலுக்கு எதிரான தூண்டலின் விகிதம் உயர்ந்தே இருந்தது. கொள்கையின் முன்கூற்று மெய்ப்பட்டது போலத் தோன்றியது. ஆயின், கலங்கள் மிகைக் கிளர்ச்சி கொள்ளவில்லை. அவற்றின் துடிப்பு ஏறத்தாழ இயல்பாகவே இருந்தது. விகித மாற்றமே துடிப்பை நிலைநிறுத்த மூளை கண்ட உபாயமாகலாம் என்று அவர்கள் முடிவு கொண்டனர். வடம் தளர்ந்த தேருக்கு முட்டுக்கட்டையையும் தளர்த்திக் கொடுப்பது போன்றது இது. கட்டை தளர்ந்தமையை மாத்திரம் கண்டோர் அதனையே பிழையென்பர். அதனை வலிந்து இறுக்கினால் தேரே நின்றுவிடும்.

ஒப்புரவு என்பது தராசு முள்ளின் ஒரு நிலையன்று. காலத்தோடு மாறுவது என்பதும் தெளிவாயிற்று. 1998 ஆம் ஆண்டிலே தக்காவோ ஹென்ஷும் உடனாளரும், காபா குறைந்த எலிக்குஞ்சுகளிலே பார்வை மேற்பட்டை அனுபவத்தாற் செதுக்கப்படும் பருவமே தொடங்கவில்லை என்றும், அடக்கலை வலுப்படுத்தும் மருந்தால் அப்பருவம் தொடங்கியது என்றும் காட்டினர். அடக்கும் கலங்கள் இரைச்சலைத் தணிப்பன மாத்திரமல்ல. கற்றலின் வாயிலைத் திறப்பனவும் ஆம். எந்தப் பகுதியில், எந்த வயதில், எந்தக் கலவகையில் என்ற வினாக்களை விடுத்து ஒப்புரவு என்று பொதுப்படக் கூறுதல் இனிப் பொருந்தாது. கொள்கையை ஆக்கியோருள் ஒருவராகிய றூபன்ஸ்ரைனும், விக்காஸ் சோஹல் என்பாருடன் 2019 ஆம் ஆண்டிலே எழுதிய கட்டுரையில், ஒப்புரவு என்பது ஒற்றை அளவன்று. பல பரிமாணங்களை உடையது என்று விளக்கினார். தம் கூற்றைத் தாமே நுணுக்கித் திருத்த முன்வந்த இச்செயலிலே எக்கிள்ஸின் வழி தொடர்தலைக் காணலாம்.

ஓட்டிசமுடைய வளர்ந்தோர் பலர் தம்மை நோயாளர் என்றோ குலைந்த தராசு என்றோ கருதுவதில்லை. உலகை வேறொரு முறையிலே உணரும் மனிதராகவே தம்மை அறிமுகஞ் செய்கின்றனர். இரைச்சல் குறைந்த வகுப்பறை, மாறாத ஒழுங்கு, பொறுமையுள்ள ஆசிரியர் என்பவற்றையே அவர்கள் முதலிற் கேட்கின்றனர். வலிப்பு நோய்க்கு மருந்து வேண்டும், அதில் ஐயமில்லை. ஆயின், காற்றோசைக்கு அஞ்சும் ஒரு குழந்தைக்கு உதவ மூளையின் இரசாயனம் முழுவதும் விளங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தவளையின் காலிலும் இதயத்திலும் தொடங்கிய ஒரு கருத்து குழந்தையின் உள்ளத்தை விளக்கும் கொள்கையாக வளர்ந்தமை மனித அறிவின் பெருஞ் சாதனைகளுள் ஒன்றேயாம். தாய்மாரின் பழியைத் துடைத்த வலிப்புச் சான்றும் இரட்டையர் சான்றுமே இக்கொள்கைக்கும் கால்கோளாயின. எனினும், அன்று தாயின் உள்ளம் என்ற எளிய விடை தவறியது போலவே, இன்று தராசின் தட்டு என்ற எளிய விடையும் முழுதும் பொருந்துவதில்லை. முன்னைய பிழைக்கு விலை கொடுத்தோர் தாய்மார். பின்னைய பிழைக்கு விலை கொடுத்தோர் குளிசைகளை நம்பிக் காத்திருந்த குடும்பங்கள். கொள்கையை ஆக்குவோர் அதன் பயனைத் தாம் துய்ப்பதில்லை, குழந்தைகளே துய்க்கின்றனர். ஆதலால், சான்றின் அளவுக்கு மேலே சொல்லாதிருத்தலும், சான்று மாறுமிடத்துச் சொல்லை மாற்றிக்கொள்ளுதலும் அறிவுத்துறையில் நிற்போர்க்குரிய கடன்களாம். தூண்டும் விசையோடு அடக்கும் விசையும் மூளைக்கு இன்றியமையாதவாறு போல, துணிந்து ஊகிக்கும் ஆற்றலோடு அவ்வூகத்தை அடக்கி ஆளும் ஆற்றலும் விஞ்ஞானத்துக்கு இன்றியமையாதது என்பதே இவ்வரலாறு தரும் பாடமாகும்.